வாசலில் வந்திறங்கும் காணிக்கை
(ஏர் கம்ப்ரஸரைப் பெறுவதும் பொருத்துவதும்: ஒரு பாடம்)



"ஐயா, எங்கள் பட்டறையில் நல்ல நிலையில் ஒரு ஏர் கம்ப்ரஸர் சும்மா நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடலாமா? நாளைக்கே லாரியில் ஏற்றிவிடுகிறேன்."

ஒருபுறம் கூடுவாஞ்சேரி, மறுபுறம் மறைமலை நகர்த் தொழிற்பேட்டை என்றிருக்கும் பொத்தேரியில் இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்கிறவரின் மனம் பெரியது. ஆயினும் "நாளைக்கே" என்பதற்கு நாங்கள் "கொஞ்சம் பொறுங்கள்" என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஏன் என்பதே இந்தப் பாடம்.

ஆஸ்பத்திரிக்குக் காற்று எதற்கு?

மூச்சுத் திணறும் குழந்தைக்கு ஆக்சிஜன் வேண்டும் என்று எல்லாரும் அறிவோம். குறைமாதக் குழந்தைக்கு அது மிஞ்சினால் கண் போய்விடும் என்பதைப் பலர் அறியார். 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் மேலைநாடுகளில் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தன. அளவுக்கு மீறிக் கொடுத்த ஆக்சிஜனே அதற்குப் பெருங்காரணம் என்று 1950-களின் நடுவில்தான் தெளிவாயிற்று. ஆகவே ஆக்சிஜனோடு சுத்தமான காற்றைக் கலந்து அளவாகக் கொடுக்கிறார்கள். அந்தக் காற்றை ஏறத்தாழ 4 பார் அழுத்தத்தில் வார்டுக்கு அனுப்புவது கம்ப்ரஸர்.

ஆக்சிஜன் தயாரிப்பதிலும் அதற்குப் பங்குண்டு. 2021 மே மாதம் 4-ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களை இந்தப் பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றனர் உறவினர், அதிகாரிகள் மறுத்தனர். அந்த ஆண்டில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து நாடெங்கும் 1,224 ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. அந்த நிலையங்களில் முதலில் நிற்பது ஒரு பெரிய கம்ப்ரஸர். அது அழுத்தித் தரும் காற்றிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்னும் மணிகள் பிடித்துக்கொள்ள, 100-க்கு 93 பங்கு அளவில் ஆக்சிஜன் வெளிவருகிறது.

1. லாரி வருமுன்

பல பங்கு வேலை இயந்திரம் வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். எடை எத்தனை? அதைத் தாங்கும் கான்கிரீட் மேடை உண்டா? லாரி வரும் பாதையில் செப்டிக் டேங்க் மூடியோ கால்வாய்ப் பலகைக் கல்லோ இருக்கிறதா? கிரேன் கை நீட்டும் இடத்தில் மேலே மின்கம்பி போகிறதா? நம் நாட்டு மும்முனை மின்சாரம் 415 வோல்ட், 50 சைக்கிள். அமெரிக்காவிலிருந்து அன்பாக அனுப்பப்படும் 60 சைக்கிள் இயந்திரம் இங்கே சரிவர ஓடாது. இதைக் கப்பலில் ஏற்றுமுன் கேட்டால் ஒரு கடிதச் செலவு; வந்த பின் கேட்டால் பெருநஷ்டம்.

இறக்கும்போது வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் ஆர்வத்தோடு தோள்கொடுக்க ஓடி வருவார்கள். அன்போடு தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். தொங்கும் பாரத்தின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது. தூக்குவதற்கென்று அமைத்த கொக்கிகளில் மட்டுமே சங்கிலி மாட்ட வேண்டும். குழாயிலும் மோட்டாரிலும் மாட்டக் கூடாது. நசுங்கலோ கீறலோ தெரிந்தால் டெலிவரி சலானில் அதை எழுதிவிட்டே கையெழுத்திட வேண்டும்.

2. டாங்கிக்குள் அடங்கியிருக்கும் பலம்

1,000 லிட்டர் டாங்கியில் 7 பார் அழுத்தத்தில் காற்று நிறைந்திருந்தால், அதில் அடங்கியுள்ள பலம் 10 டன் லாரி ஒன்று மணிக்கு 45 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் மோதுவதற்குச் சமம். துருப்பிடித்த டாங்கி வெடித்தால் சுவர் நிற்காது. எனவே டாங்கியின் தகட்டில் பொறித்த அழுத்த அளவையும் சோதனைச் சான்றிதழையும் பார்க்காமல் எந்தப் பழைய டாங்கியையும் ஏற்கக் கூடாது. சந்தேகமிருந்தால் தண்ணீர் நிரப்பிச் சோதிப்பார்கள். தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. டாங்கி விரிசல் கண்டாலும் சீறி வெடிக்காமல் ஒழுகிவிடும்.

அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வுக்கும் டாங்கிக்கும் நடுவே அடைக்கக்கூடிய வேறு வால்வு எதுவும் இருக்கலாகாது.

3. காற்றில் வரும் தண்ணீர்

நம் சென்னைப் புறநகரின் புழுக்கம் நமக்குத் தெரியும். வெப்பம் 30 டிகிரியும் ஈரப்பதம் 80 சதவீதமும் உள்ள நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். மணிக்கு 100 கன மீட்டர் காற்றை இழுக்கும் கம்ப்ரஸர் அதை 7 பாருக்கு அழுத்தி ஆறவைக்கையில், மணிக்கு சுமார் 2 லிட்டர் தண்ணீர் பிரியும். இரவுபகல் ஓடினால் மூன்று வாளி! அதை வடியவிடாவிட்டால் டாங்கி உள்ளுக்குள்ளே துருப்பிடிக்கும், வென்டிலேட்டருக்குள் ஈரம் புகும், ஜியோலைட் மணிகளும் கெடும். எனவே டிரையரும் வடிகட்டிகளும் தானாக நீர் வடிக்கும் வால்வும் கூடவே வர வேண்டும்.

எண்ணெய் விஷயமும் இப்படியே. எண்ணெய் இட்டு ஓடும் பட்டறைக் கம்ப்ரஸரின் காற்று டயருக்கும் பெயிண்ட் அடிப்பதற்கும் போதும். அதை நேராக நோயாளியின் நுரையீரலுக்கு அனுப்பலாகாது. காற்றை இழுக்கும் குழாயின் வாய் ஜெனரேட்டர் புகைக்கும் ஜி.எஸ்.டி. சாலை வண்டிப் புகைக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே இழுத்த புகை படுக்கைக்கே போய்ச் சேரும்.

4. கடைசிச் சோதனை

முதன்முதல் ஓட்டும்போது மோட்டார் சுழலும் திசையை எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். இரண்டு முனைகள் மாறியிருந்தால் அது எதிர்த்திசையில் சுற்றும். ஸ்குரூ வகைக் கம்ப்ரஸர் சில நொடிகளிலேயே கெட்டுவிடும்.

அதனினும் பெரிது குழாய்ச் சோதனை. 2016 மே மாதம் இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையின் புதிய ஆபரேஷன் தியேட்டரில் ஆக்சிஜன் குழாயில் மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு வந்து இரண்டு பிள்ளைகள் மாண்டனர். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் சிட்னியின் பாங்க்ஸ்டவுன்-லிட்கம் மருத்துவமனையில் இதே தவறால் ஒரு பச்சிளங்குழந்தை இறந்தது. இன்னொரு குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டது. செல்வம் மிக்க நாட்டிலும் இது நடந்தது. பெயர்ப்பலகையை நம்பியிருக்கக் கூடாது. ஒரு நோயாளியையும் இணைக்குமுன், ஒவ்வொரு வாயிலிலும் வருவது என்ன வாயு என்று கருவி வைத்து அளந்து, அளந்தவர் கையெழுத்திட வேண்டும். காற்று என்றால் ஆக்சிஜன் 100-க்கு 21 காட்ட வேண்டும். இதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் இல்லாததால் பிள்ளைகள் போயினர்.

5. கணக்குப் பார்த்தல்

2011-இல் வெளியான ஓர் ஆய்வு, வசதி குறைந்த 16 நாடுகளில் 1,12,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிகளைக் கணக்கிட்டது. 100-க்கு ஏறத்தாழ 38 ஓடாமல் கிடந்தன. பயிற்சியும் பராமரிப்பும் மின்சாரம் போன்ற வசதியும் இல்லாமையே பெருங்காரணங்கள். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவை எண்ணிப் பார்ப்பதைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை இங்கே நினைவுகூருகிறேன்.

பங்காளர்களே, கம்ப்ரஸரின்மேல் நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கலாம். கான்கிரீட் மேடைக்கும் வடிகட்டிக்கும் குழாய்ச் சோதனைக்கும் மெக்கானிக்கின் சம்பளத்துக்கும் யார் பெயரைப் பொறிப்பது? ஆகையால் அவற்றுக்குக் கொடுப்பவர்கள் குறைவு. ஆனால் குழந்தையின் மூச்சு அவற்றின் வழியாகவே வருகிறது. இயந்திரம் கொடுக்க வசதியில்லை என்று வருந்தும் விதவைத் தாயாருக்கும் இதில் இடமுண்டு. ஒரு வடிகட்டியின் விலையில் பாதியைக் கொடுப்பவரும் அந்தக் குழந்தையின் மூச்சுக்குப் பங்காளியே.

பட்டறைச் சகோதரருக்கும் வழியுண்டு. டாங்கி சோதனையில் தேறினால், அவருடைய இயந்திரம் எங்கள் பழுதுபார்க்கும் பட்டறையில் நன்றாக உழைக்கும். அவர் தம் கைதேர்ந்த மெக்கானிக்கை மாதம் ஒருநாள் அனுப்பிவைத்தால், அது அந்த இயந்திரத்தைக் காட்டிலும் பெரிய காணிக்கை.

கூடுகைகளில் சிந்திக்க:

(1) நாம் கடைசியாகக் கொடுத்த பொருள் இன்று உபயோகத்தில் உள்ளதா? விசாரித்தோமா?

(2) ஒரு பொருளைக் கொடுக்குமுன், பெறுகிறவருக்கு அதனால் வரும் செலவு என்ன என்று கேட்கிறோமா?

(3) பெயர் பொறிக்க இடமில்லாத செலவுக்கு நம் சங்கம் கொடுக்க ஆயத்தமா?

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்,
பொத்தேரி.