மருத்துவக் கல்லூரியின் இரண்டாம் வினாத்தாள்



1905-ல் சிங்கப்பூரில் 23 மாணவர்களுடன் மருத்துவப் பள்ளி துவங்கிற்று. இன்று நமது சிரம்பானிலேயே மருத்துவ மாணவர் பயிற்சி பெறுகின்றனர். ஆயினும் மதிப்பெண் மட்டும் இடம் வாங்கித் தராது. இந்நாட்டில் நேர்முகத் தேர்வு உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளோ பொது விண்ணப்பத்துக்குப் பின் தத்தம் வினாக்களைத் தனியே அனுப்பும்: “மருத்துவம் ஏன்? எங்கள் கல்லூரி ஏன்?”

விடை எழுதும் முறை:

1. ஒரே விடையை எல்லோருக்கும் அனுப்பலாகாது. அந்தந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தைப் படித்தறிந்து எழுதுக.

2. தோட்டத்துக் கடையில் நின்ற பிள்ளை, காய்ச்சலில் தவித்த தொழிலாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றிருந்தால், அதையே எழுதட்டும். செய்யாததைச் சேர்த்தால் நேர்முகத்தில் அகப்படுவான்.

3. கடைசி நாள் வரை காத்திராதீர்.

பிறரைக் கொண்டு எழுதுவிப்பதும் வேண்டாம். பேரேட்டில் பொய் வரவு வைப்போமா? பிள்ளையின் விண்ணப்பமும் ஒரு பேரேடே.