பழைய புல்லட்டுக்குப் புதுச் சக்கரம்

திருவொற்றியூர் ஆலையில் உருவான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350-க்கு உதிரிபாகம் கிடைப்பது பெரிய சிரமமில்லை. பல பத்தாண்டுகள் அதன் வடிவம் பெரிதாக மாறவில்லை. சென்னையில் புதியது வேண்டுமென்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையது வேண்டுமென்றால் புதுப்பேட்டை. கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குவதே நல்லது. பழைய பாகமானாலும் ரசீது அவசியம்.

சக்கரத்தில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. பழைய புல்லட்டுக்கு 19 அங்குல ரிம், 40 ஸ்போக்ஸ், 3.25-19 டயர் என்பது வழக்கமான அளவு. ரிம்மில் டபிள்யூஎம்2 என்றிருந்தால் அதன் அகலம் 1.85 அங்குலம். துரு ஏறிய ரிம்மை மாற்றும்போது அலுமினிய ரிம் போட்டால் எடை குறையும். துருப்பிடிக்காத எஃகு ஸ்போக்ஸ் நெடுநாள் உழைக்கும். ஆனால், ரிம் துளைகளின் கோணம் ஹப்புக்குப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஸ்போக்ஸ் வளைந்து நின்று, ஓட்டத்தில் முறியும்.

பழைய வண்டியின் அழகே ஸ்போக்ஸ்தான். வார்ப்பு அலாய் வீல் அதற்குப் பொருந்தாது.

டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019-ன் 23-ஆவது வாரம் தயாரானது. பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் இந்த எண்ணைப் பாருங்கள். டியூபோடு ரிம் டேப்பையும் புதிதாகப் போடுங்கள். பெண்டு எடுத்த சக்கரம் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்போக்ஸ் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.