நுரை நிற்கிற பால் எது?

குலசேகரம் கடைகளில் காப்பிக்குப் பால் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "கட்டிப் பால் இருக்கா?" என்றுதான். விடியுமுன் எழுந்து ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நிறைந்த ஊர். அந்த நேரத்துக் காப்பி கட்டியாக இருந்தால்தான் உடம்புக்குப் பிடிக்கும். ஆனால் கட்டி வேறு, நுரை வேறு. டபரா டம்ளரில் ஆற்றியும், பேட்டரியில் சுழலும் சின்னக் கம்பியால் அடித்தும் பல பாக்கெட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: நுரையைக் கட்டுவது பாலின் புரதம். கொழுப்பு கொடுப்பது ருசியும் வழவழப்பும். இரண்டும் நமக்கு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாக்கெட் தேர்வு சுலபம்.

நிறத்தை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்

"பச்சை இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டால், "தீந்துட்டு மக்கா, நீலந்தான் கெடக்கு" என்று பதில் வரும். ஆவின் பாக்கெட் வாங்கும்வரை இந்த நிறப் பேச்சு போதும். நீலம் என்றால் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6, 2023-ல் வந்த ஊதா 3.5. தனியார் பாக்கெட்டோ, திருவனந்தபுரம் போய் வருகிறவர்கள் வாங்கி வரும் மில்மாவோ கையில் வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் வைக்கிறது.

எல்லாவற்றுக்கும் பொதுவானது, அரசு விதித்திருக்கும் தரம். டோன்டு பாலில் குறைந்தது 3 சதவீதக் கொழுப்பும் 8.5 சதவீத இதர சத்தும் இருக்க வேண்டும். நிலைப்படுத்திய பாலில் 4.5-ம் 8.5-ம். நிறைகொழுப்புப் பாலில் 6-ம் 9-ம். டபுள் டோன்டு பாலில் 1.5-ம் 9-ம். இந்த 'இதர சத்து', அதாவது எஸ்.என்.எஃப்., நுரை தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண். புரதம் அதற்குள்தான் இருக்கிறது. சத்து அட்டவணையில் புரத அளவைத் தனியாக அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. 100 மில்லிக்கு 3 கிராமுக்கு மேல் இருக்கிற பாக்கெட்டை எடுங்கள்.

நீலப் பாக்கெட்டைத் 'தண்ணிப் பால்' என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. அதில் இருப்பது டோன்டு பால். அதை 1940-களில் பம்பாயில் உருவாக்கியவர் தாரா குரோடி. 1963-ல் திரிபுவன்தாஸ் படேல், வர்கீஸ் குரியன் இருவரோடும் சேர்த்து மகசேசே விருது பெற்றவர். எருமைப் பாலின் கொழுப்பைக் குறைத்து, கொழுப்பு நீக்கிய பால் பவுடரைச் சேர்த்து, இதர சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் செய்த வேலை. புரதம் குறையாத பால் என்பதால் நுரையில் நீலம் பச்சைக்குச் சளைத்ததில்லை.

எந்தக் காப்பிக்கு எது

டிகாஷன் காப்பியை டபராவில் ஆற்றிக் குடிப்பவர்களுக்கு 4.5 சதவீதப் பால்தான் என் முதல் தேர்வு. ஆற்றும்போது எழும் நுரை சிறு குமிழ்களாகப் படிகிறது, டிகாஷனின் கசப்பையும் பால் தாங்கிக்கொள்கிறது.

நுரைக் கம்பியாலோ பிரெஞ்ச் பிரஸ்ஸாலோ அடித்து மேலே தனி அடுக்காக நுரை வேண்டுமென்றால் 3 அல்லது 3.5 சதவீதப் பால் எடுங்கள். டபுள் டோன்டில் நுரை இன்னும் உயரமாக எழும். ஆனால் காற்று நிறைந்த வறட்டு நுரை, உதட்டில் பட்டதும் ஒன்றுமில்லாமல் போகும். கீழே இருக்கிற காப்பியும் சப்பென்று இருக்கும்.

6 சதவீதப் பாலில் காப்பி அருமையாக இருக்கும், நுரை அளவு குறையும். கடையில் அதுதான் கிடைத்தது என்றால், ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கலந்து அடித்துப் பாருங்கள். புரதம் கூடுவதால் நுரை நிமிர்ந்து நிற்கும்.

'ஹோமோஜினைஸ்டு' என்ற சொல் பாக்கெட்டில் இருந்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். கொழுப்பை மிக நுண்ணிய துளிகளாக உடைத்த பால் அது. ஏடு மேலே மிதக்காது, முதல் டம்ளரும் கடைசி டம்ளரும் ஒரே மாதிரி இருக்கும்.

சூட்டில்தான் பாதி விஷயம்

சரியான பாக்கெட் வாங்கியும் நுரை வராமல் போவதற்கு எங்கள் ஊர் வெயில் ஒரு காரணம். பால் கொழுப்பு முழுக்க உருக ஏறத்தாழ 40 டிகிரி வேண்டும். 25, 30 டிகிரியில் அது பாதி உறைந்தும் பாதி உருகியும் கிடக்கும். அந்த நிலையில் அடித்தால் கொழுப்புத் துகள்கள் குமிழின் சுவரைக் குத்தி உடைத்துவிடும். திண்ணையில் போட்டுவிட்டுப் போன பாக்கெட் பதினொரு மணிக்கு எந்தச் சூட்டில் இருக்குமோ, நுரைக்கு அதுதான் ஆக மோசமான சூடு. கெட்டுப்போகவும் அதுவே வசதி. வந்த உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நுரைக் கம்பி பயன்படுத்தினால் குளிர்ந்த பாலை அடுப்பில் ஏற்றி, பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாகக் குமிழ் கட்டத் தொடங்கியதும் இறக்குங்கள். 60 முதல் 65 டிகிரி இருக்கும். கம்பியை முதலில் மேற்பரப்பை ஒட்டிப் பிடித்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். நுரை எழுந்ததும் கம்பியை ஆழமாக இறக்கினால் பெரிய குமிழ்கள் உடைந்து பொடியாகும். 70-ஐத் தாண்டிய பாலில் இந்த நுரை சீக்கிரம் கலையும்.

டபரா காப்பிக்கு ஒரு கொதி வந்ததும் இறக்கி உடனே ஆற்றுங்கள். சிம்மில் வைத்துக் காய்ச்சிக்கொண்டே இருந்தால் மேலே ஆடை படியும். அந்த ஆடையில் கொழுப்போடு புரதமும் போகிறது. அதை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தில் நுரை தேடுவதில் பயனில்லை. காலையில் காய்ச்சிய பாலைச் சாயங்காலம் மறுபடி கொதிக்க வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

தேதியும் மின்வெட்டும்

சோடா ஊற்றியதுபோலப் பெரிய பெரிய குமிழ் வந்து சிர்ரென்ற சத்தத்தோடு அடங்கினால், பால் பழசு என்று சந்தேகப்படலாம். நாள்பட்ட பாலிலும், குளிர் விட்டு விட்டு வைத்த பாலிலும் கொழுப்பு உடைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. அவை நுரைக்குப் பகை. வாயில் சோப்பு மாதிரி ஒரு சுவையும் தட்டும். அதனால் கடையில் பாக்கெட்டைக் கையில் வாங்கும்போதே குளிர்ச்சி இருக்கிறதா பாருங்கள், பிறகு தேதி. மழைக்காலத்தில் மின்சாரம் மணிக்கணக்கில் போகும் நாட்களில் இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்க வேண்டாம்.

அந்த நாட்களுக்காக ஒரு டெட்ரா பேக் பால் அலமாரியில் இருக்கட்டும். 135 டிகிரிக்கு மேல் சில விநாடிகள் சூடாக்கி அடைத்தது, பிரிக்காதவரை ஃபிரிட்ஜ் வேண்டாம். கொழுப்பை உடைக்கும் நொதியும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் அடங்கிவிடுவதால் நுரை நன்றாகவே நிற்கும். காய்ச்சிய வாடை சற்று இருக்கும், டிகாஷன் கட்டியாக இருந்தால் அது தெரியாது.

வீட்டுப் பக்கத்தில் கறந்த பால் வாங்குகிறவர்கள், வந்ததும் ஒரு கொதி காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சையாக வைத்துக் குலுங்கவிட்டால் மேலே சொன்ன கொழுப்பு உடையும் கேடு அதில்தான் வேகமாக நடக்கும்.

அதிக நுரையும் சந்தேகமே

நுரை பொங்குகிற பாலெல்லாம் நல்ல பால் என்றும் எண்ண வேண்டாம். சில்லறையாக ஊற்றி விற்கும் பாலில் சந்தேகம் இருந்தால், சிறு பாட்டிலில் பாலும் அதே அளவு தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். சோப்புத்தூள் கலந்திருந்தால் அடர்த்தியான நுரை மேலே கட்டி நிற்கும். நல்ல பாலில் மெல்லிய படலமாகத்தான் இருக்கும்.

புதிதாக ஒரு பாக்கெட்டை வாங்கினால், வழக்கமான பாலையும் அதையும் ஒரே சூட்டில் கால் டம்ளர் வீதம் எடுத்து, ஒரே நேரம் அடித்து, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். எழுந்த உயரத்துக்கு மதிப்பெண் கிடையாது. இரண்டு நிமிடம் கழித்தும் எது நிற்கிறதோ, அடியில் எதில் குறைவாகப் பால் பிரிந்திருக்கிறதோ அதையே வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது காலை டபராவுக்குப் பச்சை, விருந்தாளி வந்தால் நுரைக் கம்பிக்கு நீலம். 'தண்ணிப் பால்' என்று சொன்ன உறவுக்காரர்கள் அந்த நீலத்தில் போட்ட காப்பியைத்தான் இன்னொரு டம்ளர் கேட்கிறார்கள்.