இணையப் பள்ளியில் ஆசிரியப் பணி
பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிய வேண்டுவன

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், தெருவிளக்கு, பள்ளிக் கட்டடம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் வேண்டியனவே. ஆயினும், ஊரில் படித்தவர்களுக்குத் தம் படிப்புக்கேற்ற வேலை கிடைப்பதும் கிராம முன்னேற்றத்தின் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தல் ஆகாது. அண்மைக் காலத்தில் நம் கிராமங்களில் புதியதொரு வேலை நுழைந்திருக்கிறது. ஆசிரியர் தம் வீட்டில் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்திருக்கிறார். மாணவர் வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ இருக்கிறார். இணையத்தின் வழியே பாடம் நடக்கிறது. இவ்வேலை எத்தகையது, இதில் கிடைக்கும் ஊதியம் உண்மையில் எவ்வளவு, எவ்விடத்தில் எச்சரிக்கை வேண்டும், பஞ்சாயத்து செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வடக்குப்பட்டும் அதன் சுற்றுப்புறமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்திற்கு அருகில் உள்ளது வடக்குப்பட்டு. 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழாய்வு நடத்தியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அத்துணைத் தொன்மையான ஊரைச் சுற்றி இன்று ஆலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிஸ்ஸான் ஆலை 2010-இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012-இலும் திறக்கப்பெற்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையோ 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆலை வேலையும் நிலையானதன்று என்பதை இவ்வட்டாரம் அன்றே கற்றுக்கொண்டது.

ஆலை வேலை பலருக்கு வாழ்வளிக்கிறது. எனினும், அவ்வேலைக்கு எல்லோரும் செல்ல இயலாது. கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், படுக்கையில் கிடக்கும் மாமனார் மாமியாரைப் பேணுவோர், நடக்க இயலாத மாற்றுத் திறனாளிகள் ஆகியோர் சிப்டு முறையில் பஸ் ஏறிச் செல்வது எங்ஙனம்? இத்தகையோரில் பி.எட்., எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றவர்களும் நம் கிராமங்களில் உளர். அவர்கள் கற்ற கல்வி வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது. இணையப் பள்ளி வேலை முதன்மையாக இவர்களுக்கே பயன்படத்தக்கது.

இது முற்றிலும் புதிய முறையன்று

தொலைவிலிருந்து கற்பிப்பது நமக்குப் புதிதன்று. 1962-ஆம் ஆண்டில் டில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. அதே பத்தாண்டில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்னும் புதிய நெல்லைப் பயிரிட்டனர். அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆசிரியரை நேரில் காணாமலே நம் உழவர் பாடம் கற்று விளைச்சல் கண்டனர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

பின்னர்க் கணினிக் காலம் வந்தது. அயல்நாடுகளில் வாழும் தமிழர்களின் பிள்ளைகள் தமிழ் கற்பதற்கென்று 2001-ஆம் ஆண்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. 2005-இல் பெங்களூரில் தொடங்கிய டியூட்டர்விஸ்டா என்னும் நிறுவனம், இந்திய ஆசிரியர்கள் தத்தம் வீட்டிலிருந்தே அமெரிக்க மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் முறையை ஏற்படுத்தியது. 2019-இல் தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் ஆசிரியர்கள் இணையத்தின் வழியே கற்பிக்க நேர்ந்தது. அவ்வாண்டிலேயே சென்னை ஐ.ஐ.டி.யும் இணைய வழிப் பட்டப் படிப்பொன்றை அறிவித்தது. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் இணையப் பாடம் ஒரு தனித் தொழிலாக நின்றுவிட்டது.

வேலையின் இயல்பு

இவ்வேலையை மேற்கொள்வோர் முதலில் அறிய வேண்டியது, நேரத்தை நிர்ணயிப்பவர் மாணவரே என்பதாம். துபாயில் மாலை 5 மணியாகும்போது நமக்கு 6.30. சிங்கப்பூரில் மாலை 5 மணியெனில் இங்குப் பிற்பகல் 2.30. லண்டனில் மாலை 5 மணி நமக்குக் கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நியூயார்க்கில் மாலை 6 மணிக்குப் படிக்கும் மாணவருக்கு இங்குள்ள ஆசிரியர் கோடையில் விடியற்காலை 3.30 மணிக்கும், குளிர்காலத்தில் 4.30 மணிக்கும் எழுந்து அமர வேண்டும். அந்நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவதால், ஆசிரியரின் நேரமும் உடன் மாறுகிறது. ஆகவே, எந்நாட்டு மாணவர் என்று கேட்டறியாமல் வேலையை ஒப்புக்கொள்ளுதல் கூடாது. பகலில் வயலுக்கும் அடுப்படிக்கும் செல்லும் ஒருவர் விடியற்காலை வேலையையும் ஏற்றுக்கொண்டால், சில மாதங்களில் உடல் நலிவது திண்ணம்.

அடுத்தது கற்பிக்கும் முறை. வகுப்பறையில் ஆசிரியர் ஒரு பார்வையிலேயே பிள்ளையின் முகத்தைக் கண்டு, பாடம் ஏறியதா இல்லையா என்று அறிந்துகொள்வார். திரையில் அஃது எளிதன்று. “புரிந்ததா?” என்று கேட்டால் “புரிந்தது” என்றே விடை வரும். அதனை நம்புதல் ஆகாது. பிள்ளையையே கணக்கைப் போடச் செய்து, நோட்டைக் கேமராவின் முன் காட்டச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறையேனும் பிள்ளையைப் பேச வைக்க வேண்டும். நீண்ட நேரம் திரையின் முன் அமர்த்துதலும் தகாது. 2020 ஜூலையில் மத்திய கல்வித் துறை வெளியிட்ட நெறிமுறைகளில், 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு பாடவேளைகளுக்கு மிகாமல் நடத்துமாறு கூறப்பட்டுள்ளது.

மூன்றாவது, பல நிறுவனங்களில் வகுப்பு முழுவதும் பதிவு செய்யப்படுகிறது. வகுப்பு முடிந்தவுடன் மாணவரோ பெற்றோரோ ஆசிரியருக்கு மதிப்பெண் இடுகின்றனர். அம்மதிப்பெண் குறைந்தால் அடுத்த மாதம் வகுப்புகள் குறையும். மின்சாரம் தடைப்பட்டு வகுப்பு நின்றாலும் பழி ஆசிரியர் மீதே விழும். மாணவரிடம் பாடத்திற்குப் புறம்பான பேச்சு, தனிப்பட்ட கைப்பேசி எண், புகைப்படம் ஆகியவற்றின் பரிமாற்றம் அறவே கூடாது. இஃது இருவருக்கும் காப்பாகும்.

ஊதியக் கணக்கு

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்பது நம் பழமொழி. எனினும், கணக்குப் பார்த்தவனே கடனில் விழாமல் தப்பினான். ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு மணி நேர வகுப்புக்கு 200 ரூபாய் வீதம், நாளொன்றுக்கு 4 வகுப்புகள், மாதம் 24 நாட்கள் என்று ஒருவர் பேசிக்கொள்கிறார். 96 வகுப்புகளுக்கு 19,200 ரூபாய் என்று மனம் மகிழ்கிறது. ஆனால், மாணவர் வாராமையால் 10 வகுப்புகள் நின்றுவிட்டால், வரவு 17,200 ரூபாயே.

இனிச் செலவு. இணையக் கட்டணம் 700 ரூபாய், மின்சாரமும் இன்வெர்ட்டரும் 300 ரூபாய் ஆகின்றன. 36,000 ரூபாய் விலையுள்ள கம்ப்யூட்டர் மூன்றாண்டு உழைக்கும் எனில், அதன் தேய்மானம் மாதம் 1,000 ரூபாய். ஆக 2,000 ரூபாய் போக நிற்பது 15,200 ரூபாய்.

உழைத்த நேரத்தையும் பார்ப்போம். நடந்த வகுப்புகள் 86 மணி. வகுப்புக்கு அரை மணி வீதம் பாடத் தயாரிப்பும் விடைத்தாள் திருத்தமும் 43 மணி. வாராத மாணவருக்காகக் காத்திருந்தது 10 மணி. நிறுவனத்தாரின் கூட்டங்கள் 6 மணி. மொத்தம் 145 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 105 ரூபாய். இருநூறு என்று தோன்றியது நூற்றைந்தாகிறது.

இக்கணக்கினால் இவ்வேலை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பஸ் பயணம் இல்லை. வெளியூரில் தங்கும் செலவு இல்லை. குழந்தையைப் பிரிய வேண்டுவதில்லை. ஆயினும், ஆலைத் தொழிலாளிக்குரிய பிராவிடண்ட் ஃபண்டும் ஈ.எஸ்.ஐ. மருத்துவ உதவியும் இங்குப் பெரும்பாலும் இல்லை. ஏனெனில், பல நிறுவனங்கள் ஆசிரியரை ஊழியராகக் கொள்ளாமல் ஒப்பந்தக்காரராகவே எழுதிக்கொள்கின்றன. இவ்வித உதவிகள் இல்லாதவரும் வருமான வரி செலுத்தாதவரும் 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

எச்சரிக்கைகள்

நிறுவனம் பெரிது என்பதனால் மட்டும் அது நிலைக்கும் என்று எண்ணிவிடலாகாது. மேலே கூறிய டியூட்டர்விஸ்டா, 2011-இல் பியர்சன் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் வசமாயிற்று; 2017-இல் பைஜூஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. கேரளத்தின் கிராமமொன்றில் பிறந்த ஆசிரியர் ஒருவர் தொடங்கிய பைஜூஸ், 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகக் கருதப்பட்டது. 2024-இல் அங்கு ஊழியர்களின் ஊதியமே தாமதமாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஆதலின், ஒரு மாத ஊதியத்திற்கு மேல் பாக்கி நிற்க விடுதல் கூடாது.

இன்னும் சில விதிகளை நம் மக்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

1. வேலை தருவதற்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்பணம் என்று கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

2. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்கலாகாது.

3. “மாணவர் கட்டணம் உங்கள் பாங்குக் கணக்கிற்கு வரும்; கமிஷனை எடுத்துக்கொண்டு எஞ்சியதை நாங்கள் சொல்லும் கணக்கிற்கு அனுப்புங்கள்” என்பவர் மோசடிக்காரர் என்று கொள்க. பிறரிடம் திருடிய பணம் இவ்வாறு கைமாற்றப்படுகிறது. கணக்கு முடக்கப்படுவதுடன் போலீஸ் விசாரணையும் வந்து சேரும்.

4. மணிக்கு எவ்வளவு, மாணவர் வாராவிடில் எவ்வளவு, எந்தத் தேதியில் பணம், விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்னும் நான்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

5. ஏமாற்றப்பட்டவர் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தாமதிக்குந்தோறும் பணம் திரும்பக் கிடைப்பது அரிதாகும்.

குடும்பத்தாரின் கடமை

இவ்வேலையில் ஈடுபட்ட பெண்களுக்கு உள்ள பெருந்துன்பம் மின்தடையன்று. “வீட்டில்தானே இருக்கிறாள்” என்னும் சொல்லே ஆகும். வகுப்பு நடக்கும்போதே மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வதும், வந்த விருந்தினருக்குக் காப்பி கேட்பதும், டெலிவிஷனை உரக்க வைப்பதும் பல வீடுகளில் நிகழ்கின்றன. ஆலைக்குச் சென்ற மகனை இடையில் அழைத்து வேலை ஏவுகிறோமா? இல்லை. அவன் வேலை கண்ணுக்குத் தெரியாத தொலைவில் நடக்கிறது என்பதனால் அதை மதிக்கிறோம். மருமகளின் வேலை கண்ணெதிரே நடக்கிறது என்பதனால் அதை மதியாதிருக்கிறோம். இது நியாயமாகுமா? அவள் அமரும் அறைக்கு ஒரு கதவும், அவ்வேளையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரும் இருந்தால், பாதிக் கஷ்டம் நீங்கும். இரவில் நெடுநேரம் கற்பிப்பவளுக்குக் காலையில் சற்று உறங்க இடங்கொடுப்பதும் கடமையே. அவள் ஈட்டும் பணம் அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே சேர்வது நலம்.

பஞ்சாயத்தின் கடமை

தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடியிழைக் கம்பியால் இணைக்கும் பொருட்டுப் பாரத்நெட் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. அதற்கான கருவிகள் நம் ஊரில் எங்குள்ளன, அவற்றிற்கு மின்சாரம் வருகிறதா, பாட்டரி உழைக்கிறதா என்பதை உறுப்பினர்கள் நேரில் சென்று பார்க்க வேண்டும். சாலைப் பணியின்போது கம்பி அறுபடாமல் காப்பதும் அவர்கள் பொறுப்பு.

2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்ட நூலகங்களில் சில இன்று பூட்டிக் கிடக்கின்றன. அக்கட்டடத்தில் இரண்டு மேஜை, நல்ல விளக்கு, மின்விசிறி, இணைய இணைப்பு ஆகியவற்றை அமைத்தால், வீட்டில் இடமில்லாத ஆசிரியர் பகற்பொழுதில் அங்கு அமர்ந்து கற்பிக்கலாம். மாலையில் ஊர்ப் பிள்ளைகளும் படிக்கலாம்.

இறுதியாக ஒன்று. லண்டன் பிள்ளைக்குக் கணக்குக் கற்பிக்கும் நம் ஊர்ப் பட்டதாரி, பக்கத்துத் தெருப் பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கற்பிக்கலாம் அன்றோ? 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, நம் பெண்களே தன்னார்வலர்களாக முன்வந்து தெருத்தோறும் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். அந்த வழக்கம் அற்றுப்போகாமல் காக்க வேண்டும். ஆனால், இலவச உழைப்பை வற்புறுத்திப் பெறுதல் கூடாது. பஞ்சாயத்து அதற்குத் தக்க மதிப்பூதியம் தர வழி காண வேண்டும்.

கிராம சபையில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் ஊரில் பட்டம் பெற்றும் வீட்டிலிருப்போர் எத்தனை பேர்? அவர்களுள் ஆசிரியப் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர்?

2. மாலை 6 முதல் இரவு 10 வரை நம் ஊரில் மின்சாரம் எத்தனை முறை தடைப்படுகிறது? ஒரு மாதம் குறித்து வைப்பவர் யார்?

3. நூலகக் கட்டடத்தின் சாவி யாரிடம் உள்ளது? அது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது?

4. வேலை தருவதாகக் கூறிப் பணம் பறிக்கப்பட்டவர் நம் ஊரில் உளரா? அவருக்கு நாம் என்ன உதவி செய்தோம்?

இந்நான்கு வினாக்களுக்கும் விடை எழுதி அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் படிப்பார்களாயின், எவ்விடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது பஞ்சாயத்தாருக்குத் தானே விளங்கிவிடும்.