எம்பிய உயரம் மட்டும் போதாது

அன்புள்ள தம்பிக்கு,

வாலிபால் பையன்களின் ஜம்ப் அளவுகளைப் பார்த்தேன். உயரத்தை வைத்து முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போட்டிருக்கிறாய். அதைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடு.

உன் ஜம்ப் மேட் உயரத்தை அளப்பதில்லை. பாதம் மேலெழும்பியதிலிருந்து மறுபடி தொடும்வரை எத்தனை விநாடி என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம் வரும். 0.57 விநாடிக்குச் சுமார் 40 செ.மீ., 0.60க்கு 44. இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கொள்கிற பையனுக்கு அந்த 0.03 விநாடி சும்மா கிடைத்துவிடும். நீயும் முன்னேற்றம் என்று நோட்டில் எழுதுவாய். அதனால் திரையை விட்டுவிட்டுக் காலைப் பார். கிளம்பியது போலவே முழங்கால் நீட்டி, முன்பாதத்தில் இறங்கினால்தான் அந்தக் குதிப்பு செல்லும். செல்போனில் படம் பிடித்து எண்ணுவதானால் விநாடிக்கு 240 ஃபிரேம் வை. 30 ஃபிரேமில் ஒன்று தவறினாலே நாலரை செ.மீ. போச்சு.

டட்லி சார்ஜென்ட் 1921இல் எழுதிவைத்த சோதனை, சுவரும் சாக்பீஸுமாக இன்றும் பள்ளி மைதானங்களில் நடக்கிறது. அதிலும் தில்லுமுல்லு உண்டு: நின்றபடி கையை உயர்த்தச் சொன்னால் தோளைத் தூக்காமல் நிற்பார்கள், நின்று தொட்ட குறிக்கும் குதித்துத் தொட்ட குறிக்கும் உள்ள இடைவெளி கூடிவிடும்!

கை வீசிக் குதித்தால் உயரம் கூடும். ஸ்பைக் அடிக்க அது வேண்டும்தான். காலை மட்டும் அறிய வேண்டுமானால் கைகள் இடுப்பில் இருக்கட்டும். முதலில் அரைக் குந்தலில் இரண்டு மூன்று விநாடி அசையாமல் நின்று எம்பச் சொல். பிறகு நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, அதே வேகத்தில் எம்பட்டும். இரண்டாவதுதான் வழக்கமாக உயரும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால், அந்தத் தாழ்வை அவன் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கிறான் என்று சந்தேகப்படு. தாழ்ந்த வேகத்திலேயே எம்பப் பழக்கும் பிளையோமெட்ரிக் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். இடைவெளி பெரிதாக இருந்தாலும் உடனே மகிழ்ந்துவிடாதே, அசையாத நிலையிலிருந்து விசையை எழுப்ப அவனுக்கு நேரம் பிடிக்கிறதோ என்னவோ.

இனி உன் வரிசைக்கு வருவோம். சேயர்ஸ் குழுவினர் 1999இல் தந்த கணக்கு இது: செ.மீ. உயரத்தை 60.7ஆலும் கிலோ எடையை 45.3ஆலும் பெருக்கிக் கூட்டி, 2,055ஐக் கழி. உச்சத்திறன் வாட்டில் வரும், மதிப்பீடாக. 60 கிலோ பையன் 44 செ.மீ. எம்பினால் சுமார் 3,330 வாட். 75 கிலோக்காரன் 40 செ.மீ.தான் எம்புகிறான், ஆனால் 3,770. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் மறுபடி சின்னவன் முந்துவான். பிளாக்குக்கு எழும்ப ஆள் தேடுகிறாயா, குண்டு எறிய ஆள் தேடுகிறாயா என்பதைப் பொறுத்துத்தான் வரிசையே.

அடுத்த சோதனையையும் இதே வேளையில், இதே வார்ம்-அப் முடித்து, இதே ஷூவோடு வை. மூன்று குதிப்பில் சிறந்ததை எழுதுவதா, சராசரியை எழுதுவதா என்று இப்போதே முடிவு செய். எடைக்கு ஒரு கட்டம் சேர்த்துப் பட்டியலை மறுபடி அனுப்பு, பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்