இரண்டாவது ஊசி எதற்கு?

கேள்வி: பேரனுக்கு ஒன்பதாம் மாதமே தட்டம்மை ஊசி போட்டாயிற்று. ஒன்றரை வயதில் மறுபடியும் போடச் சொல்கிறார் நர்ஸம்மா. எங்கள் தெருவில் யாருக்குமே அம்மை இல்லையே, அவசியம்தானா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அவசியம்தான் அம்மா. முதல் ஊசியில் 100 பிள்ளைகளில் சுமார் 85 பேருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி பிடிக்கிறது. விடுபட்டவர்களில் பெரும்பாலோரைக் காப்பது இரண்டாவது ஊசி.

தட்டம்மைக் கிருமி காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும். தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே பரவும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே இருமுகிற பிள்ளைக்கு அம்மை என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் மடியில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயதே வரவில்லை. சுற்றியிருப்பவர்களில் 95 சதவீதம் பேர் இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு.

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பல பெற்றோர் தயங்கினார்கள். முகாம் நாட்களை நீட்டிக்க வேண்டியதாயிற்று. சந்தேகம் வந்தால் நர்ஸிடமே கேளுங்கள்.

புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசி அட்டையோடு காலையிலேயே போய்விடுங்கள். ஏனென்றால், கரைத்த தடுப்பூசி மருந்தை 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சல் வரலாம்; பயப்பட வேண்டாம். வாசலில் வேப்பிலை கட்டுவது உங்கள் நம்பிக்கை, கட்டுங்கள். ஊசியையும் தவறாமல் போடுங்கள்.