கடல்நீர்த் தூய்மையில் நுண்பாசி: ஒரு நோக்கு

பாசி என்றவுடன் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவது வழுக்கும் படித்துறையே ஆகும். ஊர்ப் பள்ளிவாசலின் ஹவுள் நீரை இறைத்துவிட்டுத் தேங்காய் நார்கொண்டு சுவர் தேய்க்கும் பணி இளமையில் நமக்கும் வாய்த்ததுண்டு. சுரண்டிய பாசியைத் தொலைவில் கொண்டு கொட்டச் சோம்பி, விளிம்பிலேயே குவித்துவிட்டு வீடு திரும்பினோம். அன்றிரவு பெய்த மழை அதனை மீண்டும் ஹவுளுக்குள்ளேயே சேர்த்துவிட்டது. மறுநாள் மோதினாரிடம் வாங்கிய ஏச்சு இன்றும் மறக்கவில்லை.

குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர் தலைவியின் பசலைக்கு, ஊரார் நீருண்ணும் கேணியில் படர்ந்த பாசியை உவமையாக்குகின்றார். கை பட்ட இடத்தில் அது விலகும். கையை எடுத்த அளவில் மீண்டும் வந்து மூடும். இவ்வுவமையின் நயத்தைப் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கி வந்த நாம், பாசியை விலக்குவது வேறு, நீரினின்று நீக்குவது வேறு என்னும் இயற்கை உண்மையும் அதனுள் பொதிந்திருப்பதைப் பிற்காலத்தேதான் உணர்ந்தோம். மாசடைந்த கடல்நீரை நுண்பாசிகொண்டு தூய்மை செய்யும் முயற்சியின் வெற்றியும் தோல்வியும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழாசிரியர்க்கு இத்துறையில் என்ன வேலை என வினவுவோர், கட்டுரையை இறுதிவரை படித்தபின் வினவுவார்களாக.

நுண்பாசியின் இயல்பு

கரையோரப் பாறைகளில் கொத்துக் கொத்தாய் வளரும் கடற்பாசியை நாம் கண்ணால் காண்கின்றோம். நுண்பாசியோ பெரும்பாலும் ஒற்றை உயிரணுவால் ஆனது. நுண்ணோக்கியின் துணையின்றித் தனித்துக் காண இயலாதது. கதிரொளியையும் நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவையும் கொண்டு அது தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆயினும் அவ்விரண்டு மட்டும் போதா. நெற்பயிர்க்கு வேண்டும் தழைச்சத்தாகிய நைட்ரஜனும், மணிச்சத்தாகிய பாஸ்பரசும் பாசிக்கும் வேண்டும். ஆல்பிரட் ரெட்ஃபீல்டு என்னும் அறிஞர் 1934ஆம் ஆண்டு தொடங்கி ஆராய்ந்து, கடலின் மிதவை உயிர்களில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் அணுக்கள் ஏறத்தாழ 106க்கு 16க்கு 1 என்னும் அளவில் அமைந்துள்ளன என்று காட்டினார். கடல்நீரை மாசுபடுத்தும் ஊர்ச் சாக்கடையில் மிகுந்திருப்பனவும் இச்சத்துகளே. எனவே நமக்குக் கழிவாவது பாசிக்கு உரமாகின்றது. கேட்பதற்கு இனிதாகத்தான் உள்ளது. ஆனால் இதே இயல்பு கடலைக் கெடுக்கவும் வல்லது என்பதற்கு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து லாங் ஐலண்டு தீவு சான்றாகும்.

வாத்தும் சிப்பியும்

அத்தீவின் தென்கரையில் கிரேட் சவுத் பே, மொரிச்சஸ் பே என இரு ஆழமற்ற விரிகுடாக்கள் உள. மணல் திட்டுகள் அவற்றைப் பெருங்கடலினின்று பிரித்து நிற்கின்றன. கிரேட் சவுத் பேயில் விளைந்த ‘புளூ பாயிண்ட்’ சிப்பி உணவுச் சந்தையில் பெரும்புகழ் பெற்றது. மொரிச்சஸ் பேயில் கலக்கும் ஓடைகளின் கரைகளிலோ வாத்துப் பண்ணைகள் பெருகின. ஆண்டுதோறும் பல இலட்சம் வாத்துகளின் எச்சம் ஓடைவழியே விரிகுடாவை அடைந்தது. நீர் பச்சைநிறக் குழம்பாயிற்று. சிப்பித் தொழில் நலிந்தது.

இதனை ஆராய்ந்தவர் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் ரைதர். 1954ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவு நம் சிந்தனைக்குரியது. சிப்பிக்கு உணவு குறையவில்லை. நீர் முழுவதும் பாசி நிறைந்திருந்தது. ஆனால் வாத்தெச்சத்தில் செழித்தவை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே அளவுள்ள, நானோகுளோரிஸ் முதலிய மிகச் சிறிய பச்சைப் பாசிகள். சிப்பி வழக்கமாய் உண்டு வளர்ந்த டயாட்டம் வகைகளை அவை ஒதுக்கிவிட்டன. உணவுக் கடலின் நடுவே சிப்பி மெலிந்தது.

பின்னர் 1971ஆம் ஆண்டு அவரும் வில்லியம் டன்ஸ்டனும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். சலவைத் தூளில் உள்ள பாஸ்பேட்டே நீர்நிலைகளைக் கெடுக்கின்றது என அமெரிக்காவெங்கும் பேசப்பட்ட காலம் அது. அவ்விருவரும் கரையோரக் கடல்நீரை எடுத்து, ஒரு பகுதியில் பாஸ்பேட்டையும் மற்றொரு பகுதியில் நைட்ரஜனையும் சேர்த்துப் பார்த்தனர். பாஸ்பேட் சேர்த்த நீரில் பாசி பெருகவில்லை. நைட்ரஜன் சேர்த்த நீரில் பல்கியது. ஏரிக்குப் பொருந்திய மருந்து கரைக்கடலுக்குப் பொருந்தாது என்பது இதனால் தெளிவாயிற்று. பிணியின் முதல் நாடாமல் மருந்து தேடும் வழக்கம் அறிவியல் உலகிலும் உண்டு போலும்.

கடல் நிறம் மாறுவது நம் கரைக்கும் புதிதன்று. மன்னார் வளைகுடாவில் 2008ஆம் ஆண்டு அக்டோபரிலும் 2019ஆம் ஆண்டு செப்டம்பரிலும் நீர் பச்சையாகி மீன்கள் இறந்து ஒதுங்கின. மீனவர் இதனைப் பூங்கோரை என்பர். இதற்குக் காரணமான நாக்டிலூக்கா பாசியன்று; தன்னுள்ளே பச்சைப் பாசியைக் குடிவைத்துக்கொண்ட ஒற்றையணு உயிர். அது திரளாய் மடிந்து அழுகும்போது நீரின் உயிர்வளி குன்றி மீன் மூச்சடைத்து இறக்கின்றது. உயிருள்ளபோது உண்ட சத்தையெல்லாம் அது கடலுக்கே திருப்பித் தந்துவிடுகின்றது. நமது ஹவுளின் விளிம்பில் நிகழ்ந்ததும் இதுவே அன்றோ?

பாசியை உண்ணவைத்தல்

கடலில் கட்டின்றி நிகழ்வதைத் தொட்டிக்குள் கட்டுப்படுத்தி நிகழ்த்தினால் என்ன? ரைதரும் அவர்தம் குழுவினரும் 1970களில் உட்ஸ் ஹோலில் செய்தது இதுதான். முதலிரு நிலைகளில் சுத்திகரித்த ஊர்க் கழிவுநீரைக் கடல்நீருடன் கலந்து திறந்த குட்டைகளில் விட்டனர். அதில் நுண்பாசி வளர்ந்து கரைந்த நைட்ரஜனை உறிஞ்சிற்று. பாசி நிறைந்த நீர் அடுத்துச் சிப்பி, மட்டி முதலியன வளரும் தொட்டிகளுக்குச் சென்றது. அவை பாசியை வடிகட்டி உண்டன. அவற்றின் எச்சத்தைப் புழுக்கள் உண்டன. சிப்பிகள் கழித்த அம்மோனியாவை, இறுதித் தொட்டியில் வளர்ந்த பெரிய கடற்பாசி ஏற்றுக்கொண்டது. வெளியேறிய நீரில் நைட்ரஜன் மிகச் சிறிதே எஞ்சியது.

சிப்பியை ஏன் நாடினர் என்பதே இதில் நுட்பமான இடம். திறந்த குட்டையில் ஒரு லிட்டர் நீரில் அரை கிராம் உலர்பாசி கிடைத்தாலே நல்ல விளைச்சல். ஒரு கிலோ பாசி பெற இரண்டாயிரம் லிட்டர் நீரை வடித்தாக வேண்டும். அணுவோ மிகச் சிறிது. எளிதில் அடியில் தங்காது. துணியால் வடித்தால் துளை அடைபடும். சுழற்றிப் பிரித்தால் மின்செலவு மிகும். கலங்கல் நீரில் நம் வீட்டு மூதாட்டியர் தேற்றாங்கொட்டையை உரைப்பது போலப் படிகாரம் இட்டுத் திரட்டலாம் எனின், கடல்நீரின் உப்பு அதற்கும் இடையூறாகிறது. நன்னீருக்கு இடுவதைவிடப் பன்மடங்கு இடவேண்டும். சிப்பியோ கூலி கேளாமல் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேலும் வடிக்க வல்லது. பாசியை உண்டு கொழுத்த சிப்பியைக் கையால் எடுத்துவிடலாம். அதனுடன் மாசின் ஒரு பகுதியும் நீரைவிட்டு வெளியேறும்.

இத்திட்டத்திலும் இடர்கள் தோன்றின. குட்டையில் எந்தப் பாசி வளரவேண்டும் என்பதை வளர்த்தவர் முடிவு செய்ய இயலவில்லை. நீரின் வெப்பம் முடிவு செய்தது. கடுங்குளிரில் ஒரு டயாட்டம் மேலோங்கியது; சற்றே வெப்பம் கூடியபோது, சிப்பி விரும்பாத பியோடாக்டைலம் என்னும் மற்றொன்று குட்டையைக் கைப்பற்றியது. லாங் ஐலண்டின் பழைய கதை தொட்டிக்குள்ளும் தலைகாட்டியது எனலாம். அன்றியும் கழிவுநீரில் நோய்க்கிருமியும் உலோக நஞ்சும் கலந்திருப்பின், அவை சிப்பி வழியே மனிதரின் தட்டுக்கு வந்து சேரும் என்ற அச்சமும் இருந்தது. அது நியாயமான அச்சமே. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை நுண்பாசியின் அணுச்சுவர் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொள்ளுமே தவிர அழிக்காது. அத்தகைய பாசியை உணவாக்கலாகாது. தனியே திரட்டிப் பாதுகாப்பாய் அகற்றியாக வேண்டும்.

நம் மாநிலத்திலும் இத்துறையில் உழைத்தோர் உளர். கடலினின்று வெகுதொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளியில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 1991ஆம் ஆண்டு கடல்வாழ் நீலப்பச்சைப் பாசிகளுக்கென்றே தேசிய ஆய்வு மையம் ஒன்று நிறுவப்பட்டது. எலும்பிலிருந்து ஒசீன் எடுக்கும் ஆலைகளின் உப்பு மிகுந்த கழிவுநீரை, ஃபோர்மிடியம் என்னும் இழைவகைப் பாசிகொண்டு தூய்மை செய்யும் ஆய்வு இப்பல்கலைக்கழகத்தார் மேற்கொண்டவற்றுள் ஒன்று. இழைப்பாசி பாயல் போலத் திரளும் இயல்புடையது. ஒற்றையணுப் பாசியை வடிக்கும் துன்பம் இதில் குறைவு என்பதை மாணவர் கருதிப் பார்க்க வேண்டும்.

ரைதரும் பிற்காலத்தில் ஃப்ளோரிடா மாநிலத்திற்குச் சென்றார். அங்கு அவர் பெரிதும் ஈடுபட்டது நுண்பாசியில் அன்று. கிராசிலேரியா முதலிய பெரிய கடற்பாசிகளின் வளர்ப்பில். அவற்றை நீரினின்று எடுப்பதற்குப் படிகாரமும் வேண்டா, சிப்பியும் வேண்டா; ஒரு வலைக்கரண்டியும் இரு கைகளும் போதும்.